மிதமானது

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில்
பிழை திருத்துவது என் வேலை.
எட்டு மடிப்பு, எறும்பளவு எழுத்து.
'சில நேரங்களில்' என்றால் எத்தனை நேரங்களில் என்று
நிறுவனத்துக்கே மூன்று கடிதம் போட்டவள்.

ஆகவே பிப்ரவரியில்,
என் நாற்பத்தோராம் வயதில்,
வூச் நகர அலுவலகத்தின் நீல முத்திரையோடு
அந்தத் தாள் வந்தபோது
ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன்.
ஆட்டிசம். இயலாமையின் அளவு: மிதமானது.

மிதமான மழை தெரியும்.
மிதமான சூட்டில் வைக்கவும், தெரியும்.

மருத்துவர் பதினோரு நிமிடம் கேட்டார்.
தனியாகச் சமைப்பீர்களா?
சமைப்பேன் என்றேன்.
ஒன்பது வருடமாக ஒரே பீட்ரூட் சூப் என்பதை
அவர் கேட்கவில்லை,
எப்படியோ எழுதிவிட்டார்.

வியாழக்கிழமைகளில்
நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம்.
ஓல்கியெர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நீ குறைந்தவள் என்று
கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டாயா, போக்னா?
நாம் பழுதான பாகமல்ல, வேறு வகை.
காட்டில் எல்லாம் ஒரே மரமா?"

லுத்விகா தெர்மாஸை மூடினாள்.
அவள் மகன் திமோனுக்குப் பத்தொன்பது. பேச்சு இல்லை.
முன்கையில் அவன் பற்களே போட்ட தழும்புகள்,
பழையதன் மேல் புதியது.
"உன் காட்டில் இவனை எங்கே நடுவாய்?
பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து
இதில் கஷ்டமே இல்லை என்று சொல்லிவிட்டால்
ராத்திரி மூன்று மணிக்கு
என் வீட்டுக்கு ஆள் அனுப்பப் பணம் யார் தருவார்கள்?"

"அவனுக்காக நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள்" என்றான்.
கொடுமையாக இருந்தது.
கொஞ்சம் உண்மையாகவும் இருந்தது.
இரண்டையும் ஒன்றாக வைக்க
என்னிடம் தட்டு இல்லை.

இயல்பு என்றான். இயலாமை என்றாள்.
ஒரே வேரை ஆளுக்கொரு பக்கமாக
இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
திமோன் அறிவிப்புத் தாள்களைக் கிழித்தான்,
அளவுகோல் வைத்ததுபோல் நேராக.

அப்போதுதான் தீ அபாய மணி.

தீ இல்லை.
மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள்.
திமோனின் அலறல் மணியைவிடப் பெரிது.
ஓல்கியெர்த் மேசைக்கடியில், முழங்கால்களுக்குள் தலை.
லுத்விகா மகனுக்குக் காதடைப்பான் மாட்டினாள்.
பையிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தரையில் போட்டு
மேசைக்கடியில் தள்ளினாள்,
குனியாமல், காலால்.

எனக்கு வாய் நின்றுவிட்டது.
வருடத்துக்கு ஆறேழு தடவை நடக்கும்.
சொற்கள் கோத்து வைத்தபடி இருக்கும்,
அச்சு மட்டும் ஓடாது.
படியேறிப் போய்
காவலாளி வலெந்தியிடம் தாளை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடினார்.
சட்டைப்பையில், மேசையில், நெற்றியில்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மாட்டிக்கொண்டு
முத்திரையிலிருந்து தொடங்கிப் படித்தார்.
"மிதமானது என்றால்?"

கீழே கைகாட்டினேன்.

கேட்டார். அணைத்தார்.

படியேறும்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.
"பார்த்தீர்களா, உலகத்துக்குத்தான் சத்தம் அதிகம்."
அவன் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.
"சரி. நான் செத்த பிறகு அதை யார் அணைப்பார்கள்?
காதடைப்பானைத் துடைத்துக் கொடு."

வீட்டில் சூப்பைச் சுடவைத்துவிட்டு
வழக்கம்போலப் பென்சிலோடு
தாளை முதலிலிருந்து படித்தேன்.
என் குடும்பப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
சுழித்தேன்.
'மிதமானது' மேல்
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
சூப் பொங்கும் சத்தம் கேட்டது.